தோப்பூர் லைன்

சப்ரினாவுக்குக் கோபம் வருவதற்கு எட்டு என்கிற ஓர் எண் போதும். மற்றவர்களுக்கு மாமியாரால் கோபம் வரும், மழையால் வரும், கைகாட்டியும் நிறுத்தாமல் போகிற பஸ்ஸால் வரும். இவளுக்கு எட்டால் வரும்.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு தொலைபேசிக் கம்பனியின் கந்தோர். மேல்மாடியில், துறைமுகத்தைப் பார்த்த ஜன்னலோரம் அவளுடைய கதிரை. பழைய லைன்களின் வேகத்தைப் புதிய அளவுக்கு மாற்றி எழுதுவது அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள், "அவ்வளவுதானா?" என்பார்கள். முதல் கோபம் அங்கேயே ஏறிவிடும்.

அவ்வளவுதான் இல்லை. அந்த லைன்களைப் போட்ட காலத்து ஆட்கள் வேகத்தைப் பிட் கணக்கில் அளந்தார்கள். ஒரு செக்கனுக்கு இத்தனை கிலோபிட், இத்தனை மெகாபிட் என்று எழுதி வைத்தார்கள். இன்றைக்குப் படம் இறக்குகிறவர்கள் பைட் கணக்கில் பார்க்கிறார்கள். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே பழைய எண்ணை எட்டால் பிரித்தால் புதிய எண் வந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளையும் பிரிக்கும். ஆனால் எதைப் பிரிப்பது? ஒரு பதிவில் கிலோபிட் என்றிருக்கும், அடுத்ததில் மெகாபிட் என்றிருக்கும், இன்னொன்றில் 'நாலு குழாய்' என்று மட்டும் இருக்கும். ஒரு புண்ணியவான் வேகத்துக்கான இடத்தில் 'பரவாயில்லை' என்று எழுதிவிட்டு ஓய்வுபெற்றுப் போயிருந்தார். அந்த மனுசன் மட்டும் கையில் கிடைத்தால் என்று சப்ரினா பல நாள் பல்லைக் கடித்திருக்கிறாள்.

வெளியில் போனாலும் நிம்மதி இல்லை. கிண்ணியாவில் ஒரு கலியாண வீடு. பெண்கள் பக்கத்தில் சஹன் வைத்திருந்தார்கள். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேராக உட்கார்ந்து, முதல் பிடி சோற்றை வாய்க்குக் கொண்டுபோகிற நேரம் பார்த்து எதிரே இருந்த பெண் கேட்டாள்:

"ராத்தா, நீங்க அந்தக் கம்பனியிலதானே? நூறு மெகா தாறம் எண்டு சொல்லித்தானே எங்களுக்கு லைன் போட்டீங்க. என்ட மகன் பாத்தான், பன்னிரண்டுதான் காட்டுது. மிச்சத்த யாரு தின்னுற?"

சப்ரினா பிடித்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள்.

"இந்தக் கலியாணத்துக்கு அறுநூறு பேர் வந்திருக்கம் எண்டு வைங்க. எத்தின சஹன் இருக்கும்? நூறு. சஹன எண்ணிப் பாத்திட்டு, ஐநூறு பேரக் காணல்ல எண்டு யாராவது பொலிசுக்குப் போவாங்களா? நாங்க தலைய எண்ணித் தாறம். உங்கட மகன் சஹன எண்ணிப் பாக்கிறார். சஹனுக்கு ஆறு பேர், பைட்டுக்கு எட்டு பிட். அவ்வளவுதான் விசயம்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கேட்டவள் மட்டும் தட்டைச் சுற்றியிருந்த தலைகளை எண்ணினாள்.

"அப்ப எட்டுப் பேர்ட சாப்பாட்ட ஏன் ஆறு பேருக்கு வச்சிருக்கு?"

அதற்குப் பிறகு சப்ரினா சாப்பிட மட்டுந்தான் வாயைத் திறந்தாள்.

தோப்பூரில் பிறந்தவள். வயலும் சந்தையும் உள்ள ஊர், மூதூருக்கும் தெற்கே. உயர்தரத்தில் கணிதம் படித்து, பல்கலைக்கழகம் கொஞ்சத்தில் தவறிப்போனது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. திருகோணமலை டவுனில் ரிஷாத்தைக் கட்டிக்கொண்டு வந்து, இந்தக் கந்தோரில் சேர்ந்து, இன்றுவரை ஒரு தசமப் புள்ளி பிசகியதில்லை என்பது அவளுடைய பெருமை. பெருமைப்படுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். ஆனால் இவளுடைய பெருமையில் பொய் கிடையாது. கணக்கு என்றால் அவள் கணக்குத்தான்.

ஒருநாள் கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து அறிவித்தல் வந்தது. மாவட்டத்தில் ரவருக்கு ரவர், கோபுரத்துக்குக் கோபுரம் என்று காற்றில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய லைன்களைக் கழற்றிவிட்டு நிலத்துக்குக் கீழே ஃபைபர் போடப் போகிறார்கள். எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் இல்லை. எந்த ஊர் எக்ஸ்சேஞ்சுக்கு வரும் வேகம் செக்கனுக்கு ஒரு மெகாபைட்டுக்குக் குறைவோ அந்த ஊருக்கு இந்த வருடம். மற்றவற்றுக்கு அடுத்த வருடம். எந்த ஊர் எவ்வளவு என்று மாற்றி அனுப்ப வேண்டியவள் சப்ரினா.

அன்றைக்கு அவளுடைய கால் தரையில் படவில்லை. காரணம் தங்கச்சி ரபீக்கா.

ரபீக்கா தோப்பூரில் உம்மாவோடு இருக்கிறாள். விவாகரத்தாகிவிட்டது. முதலாம் வகுப்புப் படிக்கும் மகள் ஸஹ்ரா இருக்கிறாள். கொழும்பில் உள்ள ஓர் உடுப்புக் கம்பனிக்கு வீட்டிலிருந்தே வேலை. ஓடர் கொடுக்கிறவர்கள் வீடியோவில் வருவார்கள். இவள் துணியை விரித்துக் காட்டி, அளவு சொல்லி, பதிய வேண்டும். ரபீக்காவுக்கு வாய் இருக்கிறது, பொறுமை இருக்கிறது, லைன்தான் இல்லை. போன் சிக்னல் காலையில் ஒருமாதிரி வரும். பின்னேரமானால் ஊரே போனைத் தூக்கிவிடும். வீட்டு லைனிலோ எந்த நேரமும் திரையில் வட்டம் சுத்திக்கொண்டே நிற்கும். அவள் விரித்த சேலை, பாதி விரிந்தபடியே வாடிக்கையாளருக்கு முன்னால் உறைந்துபோகும். கம்பனிக்காரர் கடைசியாகச் சொல்லிவிட்டார்கள்: பெருநாளைக்கு முன் ஒழுங்கான லைன் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொழும்புக்கு வந்து விடுதியில் தங்கி வேலை செய்ய வேண்டும், அதுவும் ஏலாதென்றால் வேலையை விட வேண்டும். விடுதியில் பிள்ளைகளுக்கு இடமில்லை.

சப்ரினா உடனே போன் எடுத்தாள்.

"நீ ஒண்டுக்கும் யோசிக்காத. கணக்குச் செய்யிறது நான்தான். தோப்பூர் முதலாவதா வரும்."

"மெய்யாவா ராத்தா?"

"அந்த லைன்ட லட்சணத்துக்கு வேற எந்த ஊர் முதலாவதா வரப்போகுது?"

களவு செய்கிற எண்ணம் அவளுக்கு இல்லை. களவே தேவைப்படாது என்று நம்பினாள். அவ்வளவு மோசமான லைன், தானாகவே ஒன்றுக்குக் கீழே வந்து விழும். உம்மா அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குச் சொன்னா, பக்கத்து வீடு சந்தைக்குச் சொன்னது. தோப்பூருக்கு ஃபைபர் வருகிறது என்ற கதை, கேபிளை விட வேகமாக ஊர் முழுக்க ஓடியது.

அடுத்த கிழமை சப்ரினா தோப்பூர்ப் பதிவை எடுத்தாள். 'தோப்பூர் லைன், 34 மெகாபிட்' என்றிருந்தது. சரியாகச் சொன்னால் முப்பத்திநாலும் கொஞ்சமும். எட்டால் பிரித்தாள். நாலேகால் மெகாபைட் வந்தது.

அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. இன்னொரு தரம் பிரித்தாள். கொம்பியூட்டரை நம்பாமல் கையாலும் பிரித்தாள். எட்டு நாலு முப்பத்திரண்டு, மிச்சம் இரண்டு. எத்தனை தரம் பிரித்தாலும் எட்டு எட்டாகத்தான் நின்றது. ஒன்றுக்குக் கீழே வரவேண்டிய ஊர் நாலுக்கு மேலே போய்க் குந்தியிருந்தது. கண்டி வீதியில் உள்ள கப்பல்துறை கூட ஒன்றை மட்டுமட்டாகத்தான் தாண்டியது. மாவட்டத்தின் பழைய லைன்களிலேயே தோப்பூருக்குத்தான் ராசா வேகம்.

அவளுக்கு மேலே இருந்தவர் ஆனந்தராசா. அமைதியான மனிதர். அவருடைய அமைதியே அவளுக்குப் பாதிநாள் எரிச்சல். பதிவைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"சேர், தோப்பூர் லைன் முப்பத்திநாலுதானா?"

"ஓம் பிள்ளை. நான் சேர்ந்த காலத்திலேயிருந்து தோப்பூர் லைன் முப்பத்திநாலுதான். ஏன், என்ன பிரச்சினை?"

"அங்க வேகமே இல்ல எண்டு என்ட தங்கச்சி சொல்லுறா."

"வீட்டு வயரில ஏதும் பிழை இருக்கும். எலி கடிச்சிருக்கும். லைன் நல்ல லைன்."

கதிரைக்குத் திரும்பி வந்தாள். தசமப் புள்ளியை ஓர் இடம் இடப்பக்கம் தள்ளினால் போதும். நாலேகால் அரைக்கும் கீழே போய்விடும். ஒருவரும் கேட்கமாட்டார்கள். தங்கச்சிக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும். சப்ரினா கொஞ்ச நேரம் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இருந்தபடியே விட்டாள். சொந்த ஊருக்காகக் கணக்கை மாற்றினாள் என்று நாளைக்கு ஒரு சொல் வரக்கூடாது என்று நினைத்தாள். கணக்கைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். நேர்மையாக நடந்துகொண்டோம் என்ற எண்ணம் உள்ளுக்குள் இருந்தது.

ஆனந்தராசா வேறு வந்து, "சொந்த ஊரெண்டும் பாக்காமல் எழுதியிருக்கிறீங்கள், நல்ல விசயம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கச்சிக்குச் சொல்லுவதுதான் பெரிய பாடாக இருந்தது.

"ரபீக்கா, தோப்பூர் இந்த வருசத்தில வரல்ல. உங்கட லைன் நல்ல லைன்."

"என்ன ராத்தா சொல்லுறீங்க? சுத்துதே!"

"சுத்த ஏலாது. செக்கனுக்கு நாலு மெகாபைட் வருது."

"வந்தா எங்க போகுது? என்ட வீட்டுக்கு வரல்லயே!"

"வயர் பழுதாயிருக்கும். எலி கடிச்சிருக்கும்."

"எங்கட வீட்டில மட்டுமா எலி? முன்வீட்டிலயும் சுத்துது, பள்ளிக்கூடத்திலயும் சுத்துது. தோப்பூர் எலி எல்லாத்துக்கும் வயர்தான் சாப்பாடா?"

சப்ரினாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. படித்தவள் சொல்லுவதை விட்டுவிட்டு எல்லாரும் சுத்துது, சுத்துது என்று நின்றால் என்ன செய்வது? "நான் எட்டால பிரிச்சுத்தான் சொல்லுறன்," என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள். பிறகு ஒரு கிழமை ராத்தாவும் தங்கச்சியும் கதைக்கவில்லை. உம்மா இடையில் நின்று இரண்டு பேருக்கும் ஏச்சுக் கொடுத்தா. இதற்கிடையில் சந்தையில், டவுனுக்குக் கலியாணம் கட்டிப் போனவள் ஊரை மறந்துவிட்டாள் என்று கதை பரவியது. அதைக் கேட்டு அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. புள்ளியை நகர்த்தாமல் விட்டதற்கு இதுவா பரிசு?

தன்னுடைய எண் சரி என்று நிரூபிக்காமல் அவளால் இருக்க முடியவில்லை. மூதூர் எக்ஸ்சேஞ்சில் லைன் பார்க்கும் முனீப்பைத் தோப்பூருக்கு வரச் சொல்லி, லீவு போட்டுக்கொண்டு தானும் புறப்பட்டாள். தோப்பூர் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. பாலங்கள் எல்லாவற்றையும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டே தாண்டினாள். மூதூரில் சனம் பொலபொலவென்று இறங்கிய பிறகுதான் இருக்கக் கிடைத்தது.

முனீப் ஏற்கெனவே வீட்டு வாசலில் நின்றான். நாற்பது வயதுக்காரன், எதையும் பெரிதாக எடுக்காதவன். வீட்டு வயரைக் கழற்றிப் பூட்டி, பெட்டியைச் சோதித்து, முற்றத்துக் கம்பத்திலும் ஏறி இறங்கினான். ரபீக்கா கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ராத்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"வயர் புது வயர் மாதிரி இருக்கு," என்றான் முனீப். "எலி மூக்கால மணந்துகூடப் பாக்கல்ல."

"அப்ப நாலு மெகாபைட்டும் எங்க போகுது?" என்றாள் சப்ரினா.

"எந்த நாலு?"

"தோப்பூர் லைன் முப்பத்திநாலு மெகாபிட். எட்டால பிரிச்சா நாலேகால்."

முனீப் சிரித்தான். கேலிச் சிரிப்பு இல்லை. ஊரறிந்த விசயத்தை ஒருவர் தெரியாமல் கேட்கிறபோது வருகிற சிரிப்பு. அவளை ரவருக்குக் கீழே இருந்த எக்ஸ்சேஞ்ச் அறைக்குக் கூட்டிப்போனான். ரபீக்காவும் பின்னால் வந்தாள். பெட்டியின் கதவைத் திறந்து காட்டினான். வரிசையாகப் பதினாறு துளைகள். இரண்டில் மட்டும் வயர் செருகியிருந்தது. மற்றவற்றில் தூசி அடைந்திருந்தது.

"திருகோணமலையில இருந்து பதினாறு குழாய் புறப்படுது, மேடம். ஒரு குழாய்க்கு ரெண்டு மெகாபிட்டும் கொஞ்சமும். எல்லாமும், லைன் தன்ட செலவுக்கு எடுக்கிறதும் சேந்தாத்தான் நீங்க சொல்லுற முப்பத்திநாலு. பதினாலு குழாய் மூதூரில இறங்கிடும். ஆசுபத்திரி, பிரதேச செயலகம், வங்கி எல்லாம் அங்கதானே. மிச்சம் ரெண்டுதான் இங்க வாற."

சப்ரினா அந்த இரண்டு வயரையும் பார்த்தபடி நின்றாள்.

"அப்ப ஏன் அதுக்குத் தோப்பூர் லைன் எண்டு பேர்?"

"கடைசியா வந்து நிக்கிற இடம் தோப்பூர்தானே. கடைசி இடத்தின்ட பேரைத்தானே நாங்க எதுக்கும் வைக்கிற? நீங்க காலையில வந்ததும் தோப்பூர் பஸ்தான். அதில வந்த எல்லாரும் தோப்பூரிலயா இறங்கின?"

"இத நீங்க கந்தோருக்குச் சொல்லியிருக்கலாமே!"

"எங்ககிட்ட யாரும் கேக்கல்லயே, மேடம். மூதூரில இது தெரியாத ஆள் யாரு?"

இரண்டு குழாய், நாலு மெகாபிட். எட்டால் பிரித்தால் அரை மெகாபைட். ஊர் முழுவதற்கும் அரை. மனம் தன்பாட்டில் பிரித்துவிட்டது. எட்டின் மேல் அவளுக்கு அன்றைக்கு வந்த வெறுப்பு முன்பு ஒருநாளும் வந்ததில்லை. தோப்பூர்தான் மாவட்டத்திலேயே கடைசி. முதலாவதாக வந்திருக்க வேண்டிய ஊர். மூதூரின் வேகத்தை முழுதாக எடுத்துத் தோப்பூரின் தலையில் எழுதி, அதையும் தசமப் புள்ளி பிசகாமல் எழுதி அனுப்பியிருந்தாள்.

ரவரடியில் நின்றபடியே கொழும்புக்குப் போன் எடுத்தாள். ஃபைபர் வேலைக்குப் பொறுப்பான சுகிர்தன் மரியாதையான பொடியன்.

"சுகிர்தன், தோப்பூர்க் கணக்குப் பிழை. நாலேகால் இல்ல, அரை."

"அக்கா, நீங்கள்தானே அனுப்பினீங்கள்?"

"ஓம், நான்தான். பிழையும் என்ட பிழைதான். எழுதித் தாறன், கையெழுத்தும் வைக்கிறன். இந்த வருசத்தில போடுங்க."

"ஆற்ற பிழை எண்டது பிரச்சினை இல்லை அக்கா. கேபிள் வந்து இறங்கியாச்சு, ரோட்டு வெட்டுறதுக்கு அனுமதியும் ஊருக்கு ஊர் எடுத்தாச்சு. இப்ப ஒண்டும் மாத்த ஏலாது. அடுத்த வருசம் தோப்பூரை முதலாவதாப் போடுறன்."

"பெருநாளைக்கு முதல் ஏலாதா?"

அவன் பெருநாள் எப்போது என்று கேட்டான். சொன்னாள். அந்தப் பக்கத்தில் அவன் தாள் புரட்டுவது கேட்டது.

"ஏலாது அக்கா," என்றான்.

சண்டை பிடிக்க அவளுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆள் கிடைக்கவில்லை. சுகிர்தன் பணிவாகப் பேசினான். முனீப் பெட்டியைப் பூட்டிவிட்டுப் பிளேன்ரீ குடிக்கக் கூப்பிட்டான். அடுத்தநாள் கந்தோரில் ஆனந்தராசா, "நானும் அப்பிடித்தானே பிள்ளை நினைச்சிருந்தனான், மனசை விடாதேங்கோ," என்றார். அவர் மேசையில் தட்டி ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மேலிடங்கள் எல்லாவற்றுக்கும் எழுதினாள். எல்லா இடத்திலிருந்தும் பதில் வந்தது. எல்லாப் பதிலிலும் அடுத்த வருடம் என்றே இருந்தது.

பெருநாளுக்கு முந்திய கிழமை ரபீக்கா பை அடுக்கினாள். சப்ரினா போய்க் கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். உம்மா குசினியில் சத்தமாகப் பாத்திரம் கழுவினா.

"என்ட பிழைதான்," என்றாள் சப்ரினா.

"எட்டால சரியாத்தானே பிரிச்சீங்க?"

"ஓம்."

"அப்ப பிழை அங்க இல்ல, ராத்தா." ரபீக்கா மகளுடைய ஒரு சின்னச் சட்டையை மடித்து, மணந்து பார்த்து, தன்னுடைய பைக்குள் வைத்தாள். "நான் ஒரு வருசமா உங்களுக்குச் சுத்துது எண்டு சொன்னன். ஒவ்வொரு நாளும் சொன்னன். ஆரோ எழுதிவச்ச முப்பத்திநால நம்பினீங்க. என்ன நம்பல்ல."

தங்கச்சி அழுதிருந்தால் சப்ரினா கட்டிப்பிடித்திருப்பாள், ஏசியிருந்தால் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். ரபீக்கா இரண்டும் செய்யாமல் பையின் சிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கியது. சப்ரினா எழுந்து ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொடுத்தாள்.

இப்போது வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் தோப்பூர் பஸ்ஸில் சப்ரினாவைக் காணலாம். உம்மாவையும் ஸஹ்ராவையும் பார்க்கப் போகிறாள். மூதூரில் சனம் இறங்கும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஊரில் ஒருவரும் அவளிடம் ஃபைபரைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்காமல் விடுவது கேட்பதை விடக் கடுமையாக இருக்கிறது.

அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்ததும் ரபீக்கா வீடியோவில் வருவாள். விடுதியில் அவளுக்குக் கிடைக்கும் லைன் அருமையான லைன். இந்தப் பக்கத்தில்தான் அரை மெகாபைட்டை ஊர் பிய்த்துக்கொண்டிருக்கும். போன வெள்ளியும் அப்படித்தான். ஸஹ்ரா போனை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்திருந்தாள். திரையில் ரபீக்கா வாய் பாதி திறந்தபடி உறைந்து நின்றாள். குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது.

"மகள், உம்மா தெரியிறனா?"

"இல்ல உம்மா. நீங்க நிண்டு போயிட்டீங்க."

"பரவாயில்ல. உம்மாவுக்குக் கேக்குது. நீங்க கதையுங்க."

ஸஹ்ரா கதைத்தாள். பள்ளிக்கூடத்தில் பூனை வந்த கதை. அது டீச்சரின் கதிரையில் ஏறிப் படுத்த கதை. டீச்சர் பயந்து வெளியே ஓடிய கதை. அந்தப் பக்கத்திலிருந்து ரபீக்கா சிரிப்பது கேட்டது. "மெய்யாவா? பிறகு?" என்று கேட்டாள். குரல் கலகலப்பாக இருந்தது. சப்ரினா பக்கத்தில் இருந்து அந்த உறைந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முகம் அசைய எத்தனை கிலோபைட் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அது தெரிந்து இப்போது யாருக்கு என்ன பிரயோசனம்?

"பிறகு பூனைய யாரு பிடிச்ச?" என்றது குரல்.

அப்போது படம் ஒரு குலுக்குக் குலுங்கி உயிர்பெற்றது. ரபீக்கா சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் திணித்துப் பிடித்திருந்தாள். இரண்டு கன்னத்திலும் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது; தன்னை ஒருவரும் காணவில்லை என்ற தைரியத்தில் அதைத் துடைக்கவும் இல்லை. முந்தானையை எடுத்துவிட்டு, அதே கலகலப்பான குரலில், "சொல்லுங்க மகள், பிறகு என்ன நடந்த?" என்றாள்.

ஸஹ்ரா கதையை நிறுத்தினாள்.

"பெரியும்மா, உம்மா அழுறாங்க."

சப்ரினா போனை வாங்கக் கையை நீட்டினாள். பிள்ளை கொடுக்கவில்லை. ஒரு வருடமாகச் சுத்திக்கொண்டிருந்த லைன், அந்த நேரம் பார்த்து, ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது.